தண்ணீர்மலைக் குரங்கும் 'உச்சம்' என்ற பேச்சும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த ஞாயிறு மலரில் பினாங்கு வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தைப் படித்தேன். முருகன் கோயில் இருக்கும் தண்ணீர்மலைப் பக்கம் குரங்குத் தொல்லை தாங்கவில்லை, அர்ச்சனைத் தட்டில் இருக்கும் வாழைப்பழத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகின்றன, குப்பைத் தொட்டியைக் கவிழ்த்துப் போடுகின்றன என்றெல்லாம் எழுதியிருந்தார். அதுவரைக்கும் சரி. நானும் அந்தப் பக்கம்தான் குடியிருக்கிறேன், அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் கடைசிப் பத்தியில் ஒரு தாவு தாவினார் பாருங்கள், குரங்குகூட அப்படித் தாவாது. மனிதன்தான் பரிணாமத்தின் உச்சம், குரங்கு பாதி வழியில் நின்றுபோன பிறவி, இதை டார்வினும் சொல்லிவிட்டார், அவருக்கு முன்பே நம் மாணிக்கவாசகரும் சொல்லிவிட்டார், ஆகவே இவற்றைச் சுட்டுத் தள்ளுவதில் தப்பே இல்லை என்று முடித்துவிட்டார்.

சுடலாமா கூடாதா என்பதற்குக் கடைசியில் வருகிறேன். என்னால் சும்மா விட முடியாதது அந்த 'உச்சம்'. நான் எஸ்.பி.எம். என்ற ஐந்தாம் படிவத் தேர்வு எழுதும் மாணவர்களுக்கு உயிரியல் டியூஷன் எடுப்பவள். இந்தப் பேச்சு பிள்ளைகளிடமிருந்து அவ்வளவாக வருவதில்லை, அவர்களை அழைத்துப் போக வரும் அப்பா அம்மாக்கள்தான் வாசலில் நின்றுகொண்டு, "டீச்சர், குரங்கிலிருந்துதானே மனுசன் வந்தான், அப்புறம் ஏன் இன்னும் குரங்கு இருக்கு?" என்று மடக்குவார்கள்.

அவர்களுக்குச் சொல்வதையே இங்கேயும் சொல்கிறேன். என் தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கில் வந்து இறங்கியவர். அவருடைய அண்ணன் அங்கேயே தங்கிவிட்டார். இன்றைக்கு அண்ணன் வழிப் பேரப்பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள், நாங்கள் இங்கே இருக்கிறோம். நாங்கள் அவர்களிடமிருந்து பிறக்கவில்லை, அவர்களும் எங்களிடமிருந்து பிறக்கவில்லை, இரண்டு பேருக்கும் பொதுவான கொள்ளுத் தாத்தா ஒருவர் இருந்தார், அவர் இன்று உயிரோடு இல்லை. நாங்கள் கிளம்பி வந்துவிட்டோம் என்பதற்காக அங்கே அவர்களுக்குக் காலம் நின்றுபோய்விடவும் இல்லை. நமக்கும் தண்ணீர்மலையில் இருக்கும் இந்த நீண்ட வால் குரங்குக்கும் உள்ள உறவு இதுதான். பொது மூதாதை வாழ்ந்தது சுமார் இரண்டரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்னால், அல்லது அதற்கும் கொஞ்சம் முன்னால். அன்றிலிருந்து நாம் எத்தனை ஆண்டு மாறி வந்தோமோ அத்தனை ஆண்டு அதுவும் மாறி வந்திருக்கிறது. பாதி வழியில் நின்றது யாருமில்லை.

இந்தக் குழப்பத்துக்குப் பாதிக் காரணம் ஒரு படம். குனிந்த குரங்கு, கொஞ்சம் நிமிர்ந்த குரங்கு, முடி குறைந்த ஒருவன், கடைசியில் நேராக நடக்கும் மனிதன் என்று வரிசையாகப் போவார்களே, அதைப் பார்க்காதவர்கள் இருக்க முடியாது, டீசட்டையில்கூடப் போட்டு விற்கிறார்கள். 1965இல் ஓர் அமெரிக்கப் புத்தகத்துக்காக ருடால்ப் சாலிங்கர் என்ற ஓவியர் வரைந்தது அது. அதில் இருக்கும் உருவங்களில் சில நம் நேர் வழியிலேயே வராதவை, பக்கத்துக் கிளைகள். வரிசையாக வரைந்ததும் பார்க்கிறவன் படிக்கட்டு என்று எடுத்துக்கொண்டான், கடைசி ஆள் மேலே ஏறி நிற்கிறான் என்று முடிவு கட்டிவிட்டான். உயிரியலில் நாங்கள் வரையச் சொல்லிக்கொடுப்பது கிளை பிரியும் மரம். அதில் இன்று உயிரோடு இருப்பவை எல்லாம் கிளை நுனிகள், காளானும் கரப்பானும் நாமும் உட்பட.

சரி, உச்சம் என்றால் எதில் உச்சம்? இதைக் கேட்காமல் பேசினால் பேச்சு நகராது.

எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னால் லொத்தோங் வரும், அதுதான் கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட சாம்பல் நிறக் குரங்கு, அதன் குட்டி மட்டும் பளிச்சென்று மஞ்சள் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். மரக்கிளையில் உட்கார்ந்து இலையைப் பறித்துப் பறித்துத் தின்றுகொண்டே இருக்கும். அந்த இலையை நீங்களும் நானும் தின்றால் வயிற்று வலியோடு மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். லொத்தோங்கின் வயிறு அறை அறையாக இருக்கிறது, முதல் அறையில் பாக்டீரியாக்கள் இலையைப் புளிக்க வைக்கின்றன, அதற்கப்புறம் அந்தப் பாக்டீரியாவையே லைசோசைம் என்ற நொதி உடைத்து உணவாக்கிக் கொடுக்கிறது. மாட்டின் வயிற்றிலும் கிட்டத்தட்ட இதே ஏற்பாடு, இதே நொதி, ஏறக்குறைய இதே மாதிரி மாற்றங்களோடு, ஆனால் இரண்டும் ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கியதல்ல, தனித்தனியாக வந்து சேர்ந்தவை. இலை செரிப்பதில் உச்சம் யார் என்று கேட்டால் நாம் பட்டியலிலேயே இல்லை.

நம் உடம்பைக் கொஞ்சம் பாருங்கள். ஆடு, நாய், பூனை எல்லாம் வைட்டமின் சியைத் தாமே உடம்பில் தயாரித்துக்கொள்கின்றன. நமக்கு அதற்கான மரபணு பழுதாகிக் கிடக்கிறது, கொய்யாப்பழம் வாங்கித் தின்ன வேண்டியிருக்கிறது. குரங்குக்கும் அதே மரபணு பழுது, சொந்தக்காரர்கள் அல்லவா. நம் கண்ணில் நரம்பு விழித்திரைக்கு முன்பக்கமாக ஓடிப் பின்னால் துளைத்துக்கொண்டு போகிறது, அந்த இடத்தில் ஒன்றும் தெரியாது, குருட்டுப் புள்ளி. பசாரில் விற்கும் குரித்தாவுக்கு, அந்த எட்டுக்கால் ஆக்டோபஸுக்கு, நரம்பு பின்பக்கமாகவே போகிறது, அதற்குக் குருட்டுப் புள்ளி கிடையாது. இடுப்பு வலி, மூச்சுக்குழாயில் சோறு புகுந்து புரையேறுவது, பிரசவத்தில் தலை மாட்டிக்கொள்வது, இதெல்லாம் நிமிர்ந்து நடந்ததற்கும் பேசியதற்கும் மண்டை பெருத்ததற்கும் நாம் கொடுக்கிற விலை. மரபணு எண்ணிக்கையாவது நமக்கு அதிகமா என்றால் அதுவும் இல்லை. நமக்குச் சுமார் 20,000, நெல்லுக்கு 35,000க்கு மேல். சாம்பாரில் போடும் வெங்காயத்தின் ஒரு செல்லில் நம்மைப் போல ஐந்து மடங்கு டிஎன்ஏ இருக்கிறது. இதை வைத்து வெங்காயம்தான் உச்சம் என்று நான் சொல்ல வரவில்லை, எண்ணிக்கையை வைத்து யாரும் யாருக்கும் கிரீடம் சூட்ட முடியாது என்கிறேன்.

மூளைதான் உச்சம் என்பார் கடிதம் எழுதிய அன்பர். அது வலுவான வாதம், ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் தண்ணீர்மலைக் குரங்கு கரும்புச்சாறு குடிப்பதை அவர் நின்று பார்த்திருக்கிறாரா தெரியவில்லை. யாரோ கையிலிருந்து பிடுங்கிய பிளாஸ்டிக் பை, வாயை ரஃபியா கயிற்றால் இறுக்கிக் கட்டியிருக்கும். அது கட்டின் பக்கம் போவதே இல்லை. பையைத் தூக்கிப் பிடித்து, அடி மூலையை மட்டும் பல்லால் கிள்ளி, சன்னமாக ஒழுகும் சாற்றை வாய்க்குள் விட்டுக்கொள்ளும், ஒரு சொட்டுக் கீழே போகாது. அதை யாரும் அதற்குச் சொல்லித் தரவில்லை, மற்ற குரங்கு செய்வதைப் பார்த்துக் கற்றிருக்கும். இங்கிருந்து வடக்கே, தாய்லாந்தின் அந்தமான் கடல் தீவுகளில் இதே இனத்துக் குரங்குகள் கல்லை எடுத்துச் சிப்பியை உடைத்துத் தின்கின்றன. நம் அளவுக்கு மூளை இல்லைதான். ஆனால் 'அறிவு இல்லாத பிறவி' என்று அவர் எழுதியது அதிகப்படி.

இன்னொன்று சொல்கிறேன், இது நம் நாட்டுச் சங்கதி, அதுவும் எத்தனை பேருக்குத் தெரியும் என்று தெரியவில்லை. சரவாக்கில் காப்பிட் என்ற ஊரில் மலேரியா நோயாளிகளைச் சோதித்தபோது, நுண்ணோக்கியில் ஒரு வகைக் கிருமியாகத் தெரிந்தது உண்மையில் அது இல்லை என்று பேராசிரியர் பல்பிர் சிங்கும் ஜேனட் காக்ஸ்-சிங்கும் கண்டுபிடித்து 2004இல் வெளியிட்டார்கள். மரபணுச் சோதனையில் பார்த்தால் பாதிக்கு மேற்பட்டோருக்கு இருந்தது நோலேசி என்ற குரங்கு மலேரியா. நீண்ட வால் குரங்கு, குட்டை வால் கொண்ட பெரோக் குரங்கு இவற்றின் இரத்தத்தில் இருப்பது, காட்டுக் கொசு கடித்து மனிதனுக்கு வருகிறது. 2018இல் மலேசியாவில் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் உள்ளூர் மலேரியா ஒன்றுகூடப் பதிவாகவில்லை, அது பெரிய சாதனைதான், சந்தேகமே இல்லை. ஆனால் அதே ஆண்டில் 4,000க்கும் மேற்பட்டோருக்குக் குரங்கு மலேரியா வந்தது. அந்தக் கிருமிக்குக் குரங்கின் சிவப்பணுவுக்குள்ளும் வேலை நடக்கிறது, நம் சிவப்பணுவுக்குள்ளும் வேலை நடக்கிறது. அன்பர் கோடு கிழித்து வைத்திருக்கும் இடத்தில் அதற்கு ஒரு கோடும் தெரியவில்லை.

டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவைப் பற்றித் தனியாக எழுத ஆரம்பித்தால் பக்கம் போதாது. நாம் புகை அடிக்கிறோம், மருந்துக்குத் தாக்குப்பிடித்த சில கொசு முட்டை வைக்கிறது, பத்துப் பதினைந்து நாளில் அடுத்த தலைமுறை பறக்கிறது. மருந்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியது நாம்தான்.

இனி மாணிக்கவாசகர். இதை எழுதுகிறபோது எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது, ஏனென்றால் சிவபுராணத்தை வாட்ஸ்அப்பில் நான்கு வரி மட்டும் வெட்டிப் போட்டு 'டார்வினுக்கு முன்பே' என்று பரப்புகிறார்கள், முழுதாகப் படிப்பதில்லை. வரியைப் பாருங்கள்:

புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகிப்
பல்விருக மாகிப் பறவையாய்ப் பாம்பாகிக்
கல்லாய் மனிதராய்ப் பேயாய்க் கணங்களாய்
வல்லசுரர் ஆகி முனிவராய்த் தேவராய்...

இது படிக்கட்டு என்றால், மனிதனுக்கு முந்திய படி கல். மனிதனுக்கு அடுத்த படி பேய். அதற்கு மேலே கணங்கள், அசுரர், முனிவர், தேவர். மனிதன் நடுவில் எங்கேயோ நிற்கிறான், உச்சியில் இல்லை. அடுத்து அவர் சொல்வது என்ன? 'எல்லாப் பிறப்பும் பிறந்திளைத்தேன் எம்பெருமான்'. இளைத்துவிட்டேன் என்கிறார் ஐயா, ஜெயித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. ஓர் உயிர் பல பிறப்பெடுத்துக் களைத்துப் போனதைப் பாடிய பக்திப் பாட்டு அது. பரிணாமம் என்பது ஒரு கூட்டத்தில் தலைமுறை தலைமுறையாக எந்த மரபணு கூடுகிறது எது குறைகிறது என்கிற கணக்கு. இரண்டையும் போட்டுக் குழப்பினால் பாட்டுக்கும் மரியாதை இல்லை, அறிவியலுக்கும் மரியாதை இல்லை. தொல்காப்பியர்கூட உயிர்களை ஓரறிவிலிருந்து வகைப்படுத்தி 'மக்கள் தாமே ஆறறி வுயிரே' என்று சொன்ன கையோடு, 'பிறவும் உளவே அக்கிளைப் பிறப்பே' என்று சேர்த்துவிடுகிறார். அந்த வகையில் வேறு சிலவும் உண்டு என்று கதவைத் திறந்தே வைத்திருக்கிறார், நாம்தான் இழுத்து மூடிவிட்டோம்.

அன்பருக்கு ஒரு ஆறுதலும் சொல்லிவிடுகிறேன், இந்த இடத்தில் சறுக்கியவர்களில் பெரிய ஆளும் உண்டு. ஆல்பிரட் ரசல் வாலஸ். டார்வினோடு சேர்த்து இயற்கைத் தேர்வைக் கண்டுபிடித்தவர், 1855இல் சரவாக்கில் இருந்துகொண்டுதான் புதிய இனங்கள் எப்படித் தோன்றுகின்றன என்பது பற்றி முதல் முக்கியக் கட்டுரையை எழுதினார், 1858இல் இந்தோனேசியாவின் தெர்னாத்தே தீவிலிருந்து இயற்கைத் தேர்வு பற்றிய கட்டுரையை டார்வினுக்கு அனுப்பியது ஊரறிந்த கதை. சரவாக்கில் அவர் பிழைப்பில் ஒரு பகுதி ஓராங் ஊத்தான்களைச் சுட்டு எலும்பும் தோலும் சேகரிப்பது. அப்படிச் சுட்ட ஒரு தாயின் குட்டி சேற்றில் கிடந்தது, தூக்கிவந்து வளர்த்தார். பால் கிடைக்கவில்லை, கஞ்சித்தண்ணீரைப் புட்டியில் ஊற்றிக் கொடுத்தார், அது அவர் விரலைச் சப்பிக்கொண்டு கிடக்கும். துணைக்கு ஒரு குட்டிக் குரங்கையும் கொண்டுவந்து விட்டார், எந்தக் குரங்கு என்றால் நம் தண்ணீர்மலையில் இருக்கும் அதே நீண்ட வால் இனம்தான். அந்தச் சின்னக் குரங்கு எல்லாப் பக்கமும் ஓடியாடிக் கிடைத்ததைத் தானே எடுத்துத் தின்றது, ஓராங் ஊத்தான் குட்டியோ மனிதக் குழந்தையைப் போல ஒன்றும் செய்யத் தெரியாமல் மல்லாந்து கிடந்து கத்தியது, குரங்கு கிட்டே வந்தால் இறுக்கிப் பிடித்துக்கொண்டது. மூன்று மாதம்கூட ஆகவில்லை, குட்டி காய்ச்சல் வந்து செத்துவிட்டது. அதன் தோலையும் எலும்பையும் எடுத்துப் பத்திரப்படுத்தினார், அது அவர் தொழில்.

இதையெல்லாம் கண்ணால் பார்த்த மனிதர், 1869 வாக்கில், மனித மூளைக்கு மட்டும் இயற்கைத் தேர்வு பொருந்தாது, மேலே வேறு ஏதோ சக்தி இருந்து நடத்தியிருக்க வேண்டும் என்று எழுதினார். டார்வின் நொந்துபோய், உம் பிள்ளையும் என் பிள்ளையுமான அந்தக் கொள்கையை நீர் முழுசாகக் கொன்றுவிடவில்லை என்று நம்புகிறேன் என்ற பொருளில் அவருக்குக் கடிதம் போட்டார். நமக்கு மட்டும் விதிவிலக்கு வேண்டும் என்கிற ஆசை அவ்வளவு பலமானது.

மனிதனிடம் ஒரு சிறப்பும் இல்லை என்று நான் சொல்வதாக யாரும் எழுதிவிடாதீர்கள். இருக்கிறது. பேராக்கில் லெங்கோங் பள்ளத்தாக்கில், குனோங் ருந்து குகையில் தோண்டி எடுத்த பேராக் மனிதன் எலும்புக்கூடு சுமார் பத்தாயிரம் ஆண்டுப் பழையது, பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜுராய்னா மஜித் தலைமையில் கண்டெடுத்தது. அந்த ஆளுக்குப் பிறவியிலேயே ஒரு கை சரியாக வளரவில்லை. வேட்டையாடிப் பிழைத்த காலத்தில் அந்தக் கையோடு நாற்பது வயதைத் தாண்டியிருக்கிறார். செத்த பிறகு காலை மடக்கி, கற்கருவிகளையும் சிப்பியையும் கூட வைத்துப் புதைத்திருக்கிறார்கள். யாரோ சோறு போட்டிருக்கிறார்கள், யாரோ மதித்திருக்கிறார்கள். மொழி, ஒருவன் கற்றதை எழுதி வைத்து அடுத்த தலைமுறைக்கு விட்டுப்போவது, 1980இல் பெரியம்மையை உலகத்திலிருந்தே ஒழித்தது, இதெல்லாம் வேறு எந்தப் பிராணியும் செய்யாதது. ஆனால் வௌவால் செய்வதையும் வேறு எந்தப் பாலூட்டியும் செய்யாது, அது சிறகடித்துப் பறக்கிறது. தனித்தன்மை இருப்பது வேறு, உச்சியில் இருப்பது வேறு. அதுவும் போக, நம் கதை இன்னும் முடியவில்லை. தலைமுறைகளாகக் கடலில் மூச்சடக்கி முக்குளிக்கும் பஜாவ் மக்களுக்கு மண்ணீரல் பெரிதாகியிருக்கிறது, அதன் பின்னால் மரபணு மாற்றம் இருக்கிறது என்று இந்தோனேசியாவில் நடந்த ஆய்வு 2018இல் வந்தது. மாறிக்கொண்டே இருக்கிற ஒன்று எப்படி உச்சிக்குப் போய்ச் சேர்ந்ததாகும்?

இப்போது குரங்குத் தொல்லைக்கு வருகிறேன். நீண்ட வால் குரங்கு எங்கே பார்த்தாலும் இருக்கிறதே என்று தோன்றும், ஆனால் 2022இலிருந்து அது அழியும் அபாயத்தில் உள்ள இனங்களின் உலகப் பட்டியலில் இருக்கிறது. பேராக்கில் செகாரிப் பக்கம் செம்பனைத் தோட்டங்களில் பெரோக் குரங்குகளை ஆராய்ந்தவர்கள், ஒரு குரங்குக் கூட்டம் ஆண்டுக்குச் சுமார் 3,000 எலிகளைப் பிடித்துத் தின்கிறது என்று 2019இல் வெளியிட்டார்கள். எலி செம்பனைப் பழத்தை என்ன பாடு படுத்தும் என்று தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தெலுக் பஹாங்கில் ரோட்டைக் கடக்கும்போது லொத்தோங்குகள் வண்டியில் அடிபட்டுச் செத்ததால், பழைய தீயணைப்புக் குழாய்களைக் கோத்து மரத்துக்கு மரம் பாலம் கட்டிவிட்டார்கள், அதில் ஏறிப் போகக் கற்றுக்கொண்டுவிட்டன. துப்பாக்கி இல்லாமலும் வேலை நடக்கும் என்பதற்குச் சொல்கிறேன்.

கடித்துப் பழகிய குரங்கு ஒன்று இருந்தால் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானைக் கூப்பிடுங்கள், அவர்கள் வந்து பார்க்கட்டும், நான் குறுக்கே நிற்கப் போவதில்லை. கடிபட்டது என் வீட்டுப் பிள்ளையாக இருந்தால் நானே முதலில் போன் போடுவேன். அதற்கு அந்தப் பிள்ளைக்கு வலிக்கிறது என்ற காரணம் போதும். மற்றபடி பாவம் என்று காரை நிறுத்தி ரொட்டி போடுகிறவர்களை முதலில் நிறுத்தச் சொல்ல வேண்டும், கையிலிருந்து வாங்கித் தின்று பழகியதுதான் அப்புறம் பிடுங்குகிறது. கோயிலுக்குப் போகிறவர்கள் பழத்தட்டைத் துணிப்பையில் போட்டு எடுத்துப் போனாலே போதும், பிளாஸ்டிக் பை சரசரத்தால் அதற்குச் சாப்பாட்டு மணி அடித்த மாதிரி. தைப்பூசத்துக்கு முன்னால் அந்தச் சாலையில் பூட்டுமூடி போட்ட குப்பைத் தொட்டிகள் வைக்கச் சொல்லி மாநகர் மன்றத்துக்கு ஒரு மனு எழுதலாம் என்று இருக்கிறேன். அன்பருக்குச் சம்மதம் என்றால் அவரும் கையெழுத்துப் போடட்டும்.

இப்படிக்கு,
உயிரியல் டியூஷன் ஆசிரியை,
தண்ணீர்மலை, பினாங்கு